பேப்பரில் எழுதாத நோய்

ஓசூரை அடுத்த மத்திகிரி கால்நடைப் பண்ணையின் வேலியோரம் காலை நேரத்தில் நடப்பவர்கள் பலரின் கையில் நாய்ச் சங்கிலி இருக்கும். வேலிக்கு உள்ளே மாடும் குதிரையும், வெளியே லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும்.

உள்ளே இருப்பவற்றின் கதைக்கு வயது இருநூறு. ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கவென்று 1824-ல் தொடங்கிய பண்ணை இது. 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு. பிற்காலத்தில் மாடுகள் வந்தன. சிவப்பு சிந்தி மாட்டை வளர்த்ததில் இந்தப் பண்ணைக்குத் தனிப் பெயர் உண்டு. வெளியே இருப்பவற்றின் கதை புதிது. சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, வேலை வந்தது, ராகி விளைந்த நிலம் மனைப்பிரிவானது, தனி வீடுகள் எழுந்தன. கணவனும் மனைவியும் ஷிப்டுக்குப் போய்விட்டால் வீட்டுக்குக் காவல் வேண்டும், பிள்ளைக்குத் துணை வேண்டும். அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே எந்த ஜாதி நாயும் கிடைக்கும்.

வேலிக்கு இரு பக்கமும் இருப்பவை ஜாதி விலங்குகள்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அரசுப் பண்ணையில் பிறக்கும் கன்றுக்குக் காதில் எண் போடுவார்கள். தாய் எது, காளை எது, பிறந்தபோது என்ன எடை, என்ன நோய் வந்தது, செத்தால் எதனால் செத்தது என்று பதிவேடு அதன் ஆயுள் முழுக்கக் கூடவே போகும். நாய்க்குட்டி வாங்கும்போது ஒரு பேப்பர் கொடுக்கிறார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா கொடுக்கும் சான்றிதழ் அது. அதில் தாய், தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களெல்லாம் இருக்கும். ‘பேப்பர் இருக்கிற குட்டி’ என்றால் விலையும் கூடும்.

பாட்டன் பெயர் அந்தப் பேப்பரில் இருக்கிறது. பாட்டனுக்கு இடுப்பு எலும்பு எப்படி இருந்தது, பாட்டிக்குக் காது கேட்டதா, தகப்பன் எத்தனை வயதில் எதனால் இறந்தது என்பது இல்லை. ஜாதி நாய் வளர்ப்பவருக்கு வரும் மருத்துவச் செலவில் ஒரு பங்கு இந்த எழுதாத இடத்திலிருந்துதான் வருகிறது.

மூடிய கதவு

‘ஜாதி நாய்’ என்பது பழங்காலத்துச் சமாசாரம் என்று நினைக்கிறோம். நாய் பழசு, ஜாதி புதுசு. முதல் நாய்க் கண்காட்சி இங்கிலாந்தின் நியூகாசிலில் 1859-ல் நடந்தது. லண்டன் கென்னல் கிளப் 1873-ல் தொடங்கியது. இன்று நாம் வாங்கும் வெளிநாட்டு ஜாதிகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தையொட்டி வரையறுக்கப்பட்டவை. வேலைக்காகப் பழக்கிய நாய்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள், உருவத்துக்கு இலக்கணம் எழுதினார்கள், பதிவேட்டைத் திறந்தார்கள். பிறகு அதை மூடினார்கள். பதிவேட்டில் இருக்கும் நாய்க்கும் பதிவேட்டில் இருக்கும் நாய்க்கும் பிறந்ததே ஜாதி நாய் என்றானது. அன்றைக்கு உள்ளே இருந்த சில நாய்கள் உடம்பில் என்னென்ன கொண்டுவந்தனவோ, அவைதான் இன்றுவரை சுற்றிச் சுற்றி வருகின்றன.

நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. அதனால் ஒரு ஜீனின் பிரதி ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். நாய் நன்றாகவே இருக்கும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அதே பழுது வந்து சேரும்போதுதான் நோய் வெளியே தெரியும். தெரு நாய்க்கு இது நடப்பது அரிது, ஏனென்றால் ஊரில் எத்தனையோ வம்சம் கலந்து கிடக்கிறது. உறவுக்குள் இணை சேர்த்தால் வாய்ப்பு ஏறும். அண்ணன் தங்கை இணைந்து பிறந்த குட்டியில், ஏதோ ஒரு ஜீனின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு. தகப்பனும் மகளும் இணைந்தாலும் அதே 25. ஒரு தகப்பனுக்கு வெவ்வேறு தாயிடம் பிறந்தவை என்றால் 12.5.

மாடு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமலே இதன் சாரம் தெரியும். ஒரு காளையின் கிடேரிகள் பருவத்துக்கு வரும் முன்பே அந்தக் காளையை மந்தையிலிருந்து மாற்றிவிடுவார்கள். நாயில் நடப்பது பல நேரம் நேர் எதிர். கண்காட்சியில் பரிசு வாங்கிய ஆண் நாய் ஒன்று என்றால் சுற்றுவட்டாரத்துப் பெண் நாய்களெல்லாம் அதனிடமே போகும். இரண்டு வருஷம் கழித்து அதன் பேத்தியும் அதனிடமே வரும்.

ஒரே ஒரு பாயிண்டர்

மூடிய கதவு என்ன செய்யும் என்பதற்கு டால்மேஷன் நாயை விடத் தெளிவான பாடம் இல்லை. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட நாய்.

நாய்களின் உடம்பு யூரிக் அமிலத்தை ஈரலில் இன்னொரு பொருளாக மாற்றிவிடும். அது நீரில் எளிதாகக் கரைந்து சிறுநீரில் போய்விடும். டால்மேஷனில் யூரிக் அமிலத்தைக் கடத்தும் ஜீன் ஒன்று பழுது. அதனால் யூரிக் அமிலம் அப்படியே சிறுநீரில் இறங்குகிறது. அது படிந்து கல்லாகும். ஆண் நாய்க்கு மூத்திரக் குழாய் குறுகல் என்பதால் அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். இந்தப் பழுது அந்த ஜாதியில் சில நாய்களுக்கு மட்டும் இல்லை, எல்லா நாய்களுக்கும் இருந்தது. சேர்த்துக்கொள்ள நல்ல ஜீன் ஒன்றுகூட ஜாதிக்குள் மிச்சமில்லை.

1973-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு டால்மேஷனை ஒரு பாயிண்டர் நாயோடு இணைத்தார். ஒரே ஒரு முறைதான். அந்தக் குட்டிகளை மறுபடி டால்மேஷனோடு இணைத்தார்கள், அவற்றின் குட்டிகளையும் அப்படியே. தலைமுறைகள் தாண்டப் பாயிண்டரின் பங்கு கரைந்து ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது, அந்த ஒரு நல்ல ஜீனைத் தவிர. பார்வைக்கு டால்மேஷன், சிறுநீரில் கல் சேராத டால்மேஷன். ஆனால் ‘கலப்பு ரத்தம்’ என்ற எதிர்ப்பு அடங்கி அமெரிக்க கென்னல் கிளப் இவற்றை ஏற்றுக்கொள்ள 2011 ஆகிவிட்டது. நோயைத் தீர்த்தது ஒரே ஒரு இணைசேர்க்கை. அதைப் பேப்பரில் ஏற்ற 38 வருஷம்.

வெள்ளைக்குக் கொடுக்கும் விலை

வெளிநாட்டில்தான் இப்படி என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்ள முடியாது. ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்வோம். 2005-ல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் இடம்பெற்றது. முதோல், சிப்பிப்பாறையோடு சேர்ந்து தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்தின் பதிவும் பெற்றது. சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாய் இனப்பெருக்கப் பிரிவு வைத்து நம் ஊர் ஜாதிகளை வளர்த்து வந்தது. இத்தனை பெருமைக்கும் உரிய நாயிடம் வாங்குபவர் எதிர்பார்ப்பது பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. உடம்பில் வேறு நிறம் தட்டினால் மதிப்பில்லை.

தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்கள் கருவில் முதுகுத்தண்டுப் பக்கம் உருவாகி உடம்பெங்கும் நகர்ந்து போகின்றன. அவற்றில் சில உள்காதுக்கும் போகின்றன. அங்கே அவற்றுக்கு வேலை நிறம் கொடுப்பதில்லை. ஒலியை உணரும் செல்கள் மிதக்கும் திரவத்தில் பொட்டாசியம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ரத்தநாளப் படலத்தை அவை தாங்கிப் பிடிக்கின்றன. உடம்பு முழுக்க வெள்ளையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால், நிறச் செல்கள் குறைவாகப் பரவும் நாய்களையே தேர்ந்தெடுக்கிறோம். சில குட்டிகளில் அவை காதுக்கும் போய்ச்சேர்வதில்லை. பிறந்து மூன்று நான்கு வாரத்தில் அந்தப் படலம் வாடுகிறது, ஒலி உணரும் செல்கள் சாகின்றன. அந்தக் காது பிறகு கேட்காது. டால்மேஷனிலும் இதே கதைதான். ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குட்டி தூங்கும்போது அதன் பின்னாலிருந்து, தரை அதிராமல், காற்று படாமல், ஒரு சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். மற்ற குட்டிகள் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும், ஏனென்றால் செவிட்டுக் குட்டி பக்கத்துக் குட்டியைப் பார்த்து எழுந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடும். கூப்பிட்டால் அது எழும், ஆனால் எந்தத் திசை என்று தெரியாமல் தடுமாறும். அந்த நாய் நல்ல வீட்டு நாயாக இருக்கும். அதை இனப்பெருக்கத்துக்கு விடுவதுதான் தவறு.

உங்கள் ஜாதியோடு வருவது

ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு தனி வரவு உண்டு. குட்டி வாங்கும் முன்பே அதைத் தெரிந்துகொள்வது பாதி வைத்தியம்.

ஓசூர்ப் பக்கம் அதிகம் தென்படும் லேப்ரடார் எப்போதும் பசியோடு இருக்கும். பேராசை என்று திட்டுகிறோம். பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் வழியில் உள்ள ஒரு ஜீன், ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாரில் துண்டுபட்டிருப்பதை 2016-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த நாய்க்கு ‘போதும்’ என்ற செய்தியே சரியாகப் போய்ச்சேர்வதில்லை. ஆகவே அளவை நாய் முடிவு செய்யக் கூடாது, நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதை விடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுக்கப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 1.8 வருஷம் அதிகம் வாழ்ந்தன, மூட்டு வலியும் தாமதமாகவே வந்தது. விலாவில் கை வைத்தால் எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். வீட்டில் தராசு இல்லாவிட்டாலும் கை இருக்கிறது.

ஜெர்மன் ஷெப்பர்டு, லேப்ரடார், ராட்வைலர் போன்ற பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டு தளர்ந்துபோகும் குறை வம்சமாக வருவது. இதற்குப் பல ஜீன்கள் சேர்ந்து காரணம், வளர்ப்பும் காரணம். குட்டியின் எலும்பு பெருக்க வேண்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு முதல் சில மாதங்களில், வேண்டாத கால்சியத்தைக் குடலில் தடுத்து நிறுத்தும் திறன் கிடையாது. கொடுத்ததெல்லாம் உள்ளே போகும். எலும்பு கோணும். நல்ல குட்டித் தீவனம் சாப்பிடும் குட்டிக்கு மேற்கொண்டு கால்சியம் வேண்டாம். குட்டியின் தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேள்வியே விற்பவருக்குப் புதிதாக இருந்தால் அதுவே ஒரு பதில்.

கோலி வகை மேய்ச்சல் நாய்களில் மூளைக்குள் மருந்து புகாமல் தடுக்கும் காவல் ஜீன் பழுதாக இருப்பது உண்டு. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை ‘உண்ணிக்கு நல்லது’ என்று நாய்க்கும் போடுகிறவர்கள் உண்டு. கோலிக்கு அது மயக்கம், வலிப்பு, மரணம் வரை கொண்டுபோகும்.

சிப்பிப்பாறை, கன்னி, முதோல் போன்ற ஒல்லி வேட்டை நாய்களின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. அதே உடல்வாகுள்ள கிரேஹவுண்டில் சில மயக்க மருந்துகள் ஈரலில் மெதுவாகத்தான் சிதைகின்றன, நாய் எழுந்திருக்கவே நேரமாகும். அறுவைக்குக் கொண்டுபோகும்போது ‘இது வேட்டை நாய் ஜாதி’ என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் ஓசூரின் குளிர்ச்சியில் சமாளிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஊர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருப்பது உண்மைதான். ஆனால் நாய்க்கு நம்மைப் போல வியர்வை கிடையாது, நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மூச்சுப் பாதையே குறுகலான நாய்க்கு ஏப்ரல் மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே அது போதாது. நாயின் உடல் வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸுக்கு மேலே ஏறி, நாக்கு நீலம் பாய்ந்து, தள்ளாடினால் உடனே சாதாரணத் தண்ணீரில் நனைத்து, காற்றுப் படவிட்டு, மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நாற்பத்தைந்து நாள் குட்டி

ஜாதியோடு வராத, ஆனால் விற்பனையோடு வரும் ஆபத்து ஒன்று உண்டு. ‘நாற்பத்தைந்து நாள் குட்டி, எடுத்துட்டுப் போங்க’ என்பது இங்கே சாதாரணப் பேச்சு. நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017-ம் ஆண்டு விதிகள் எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்கின்றன. அதாவது 56 நாள். இந்தப் பதினோரு நாள் வித்தியாசம் வெறும் சட்டச் சமாசாரம் இல்லை.

சீம்பாலில் தாய் தரும் எதிர்ப்பொருள்தான் குட்டியின் முதல் கவசம். அது வாரா வாரம் கரையும். ஆனால் அது இருக்கும்வரை தடுப்பூசியையும் அது கிருமி என்று எண்ணி அழித்துவிடும். ஒரு கட்டத்தில் அந்தக் கவசம் நோயைத் தடுக்கப் போதாது, ஊசியைக் கெடுக்க மட்டும் போதும். அந்த இடைவெளி எந்த வாரம் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் தாண்டும்வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ‘ஒரு ஊசி போட்டாச்சு’ என்பது பாதுகாப்பு இல்லை. சரியாக இந்த இடைவெளியில்தான் குட்டி தாயைப் பிரிந்து, பயணத்தில் களைத்து, புது வீட்டுக்கு வருகிறது. 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். வாந்தி, ரத்தபேதி, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். ராட்வைலருக்கும் டாபர்மேனுக்கும் இதன் தாக்கம் கூடுதல். வீட்டில் முன்பு ஒரு குட்டி இதில் இறந்திருந்தால் தரையை வெறும் பினாயிலால் துடைப்பது போதாது. பிளீச்சிங் கலந்த தண்ணீர்தான் அந்த வைரஸைக் கொல்லும்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. அதன்பிறகு தவறாமல். வீட்டைவிட்டு வெளியே போகாத நாய் என்ற சமாதானம் வேண்டாம், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமும் நாய்கள் இருக்கின்றன.

சுவர் ஏறும் உண்ணி

இந்தப் பகுதியின் மிதமான தட்பவெப்பம் இங்கே விளையும் ரோஜாவுக்கு மட்டும் இல்லை, உண்ணிக்கும் பிடிக்கும். பழுப்பு நாய் உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை நாயின் ரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு முறையும் வயிறு நிறைந்ததும் விழுந்துவிடும். விழுந்தது மேல்நோக்கி ஏறும். சுவர் விரிசல், ஜன்னல் சட்டத்தின் பின்புறம், நாய்க்கூண்டின் கூரை இடுக்கு என்று போய் ஒளிந்துகொள்ளும். பெண் உண்ணி அங்கே ஆயிரக்கணக்கில் முட்டை இடும். ஆகவே நாயின் மேல் நாம் பிடுங்கிப் போடுவது கொஞ்சம், வீட்டில் மிச்சமிருப்பதுதான் அதிகம்.

அது கொண்டுவரும் நோய்களில் முக்கியமானவை இரண்டு. எர்லிக்கியா கிருமியால் ரத்தத் தட்டணுக்கள் குறையும். நாய் சோர்ந்து படுக்கும், சில நேரம் மூக்கில் ரத்தம் வரும். பபேசியா சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளுக்கும், மூத்திரம் காப்பி நிறத்துக்கு மாறும். நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே உதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம் என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த நாளில் ஒப்பிட அது உதவும். இரண்டுக்கும் மருந்து உண்டு, ஆனால் ரத்தச் சோதனைக்குப் பிறகு, சொன்ன நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ரோஜாத் தோட்டத்துப் பூச்சிமருந்து இந்த ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. அதைக் கலக்கி நாயைக் குளிப்பாட்ட வேண்டாம். நாய் தன் உடம்பைத் தானே நக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

பண்ணைப் பதிவேட்டின் பலம் அதன் முதல் பக்கத்தில் இல்லை, கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இந்த மாடு இன்ன காரணத்தால் கழிக்கப்பட்டது என்று எழுதியிருப்பதால்தான் அடுத்த காளையைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. நாயின் கடைசிப் பக்கம் அதை வளர்த்தவரின் மனதோடு போய்விடுகிறது. குட்டியை விற்றவருக்கு அது தெரிவதே இல்லை. அவர் அதே ஜோடியை அடுத்த வருஷமும் இணைக்கிறார்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் பேப்பரில் உள்ள பெயர்கள். பிறகு மாதா மாதம் எடை, ஊசித் தேதி, பூச்சி மருந்து, பெண் நாய் என்றால் ஹீட் வந்த தேதி. ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அது மளமளவென்று தண்ணீர் குடித்துச் சோர்ந்து போனால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம் என்று சந்தேகிக்க அந்தத் தேதிதான் உதவும். இடுப்பு எக்ஸ்ரே எடுத்தால் முடிவு. காது, கண், தோல், கல், வலிப்பு, எது வந்தாலும் வந்த வயது. கடைசியில் ஒரு நாள், எந்த வயதில், எதனால் என்று.

அந்த நாள் வரும்போது, குட்டி வாங்கிய இடத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். பத்து வருஷம் ஆகியிருக்கும், அவர் பயப்படுவார். பணம் கேட்கவோ சண்டை போடவோ இல்லை, உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளத்தான் சொல்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.